எங்கே போனாலும் இருவராக

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, மீசை முளைக்கத் தொடங்கிய வயசு. எந்த ஊர்த் தெருவில் இப்படி இரண்டு பேரைப் பார்த்தாலும் மார்மன் என்ற சபையின் மிஷனரிகள் என்று சொல்லிவிடலாம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. அவர்களுடைய இறையியலுக்குள் இன்று போகப் போவதும் இல்லை. பதினெட்டு வயசுப் பிள்ளையைப் பெற்றவர்களே முன்வந்து இரண்டு வருஷம் கண்காணாத ஊருக்கு அனுப்புகிறார்களே, அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, அதை எது தாங்கி நிற்கிறது என்பதுதான் என் பேச்சு.

1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப் பெயரால் அழைக்க வேண்டும் என்று 2018 முதல் அவர்கள் வற்புறுத்துகிறார்கள். நேரத்தை மிச்சம்பிடிக்க நான் மார்மன் என்ற பழைய பெயரையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய வருஷமே ஜோசப்பின் தம்பி சாமுவேல் புத்தகப் பையோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் போனவர்களில் பலர் குடும்பஸ்தர்கள். மனைவி மக்களை ஊராரை நம்பி விட்டுவிட்டு, கையில் காசில்லாமல் புறப்படுவார்கள். நம்ம ஊருக்கும் வந்திருக்கிறார்கள். 1852 ஆகஸ்டில், சபையின் தலைமையிடமான யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிறப்பு மாநாடு கூட்டி, நூறு பேருக்கு மேல் பல நாடுகளுக்கு நியமித்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் ஆகியோர் 1853-இல் மதராஸ் வந்து இறங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், பலதார மணம் தங்கள் கொள்கை என்று சபை பகிரங்கமாக அறிவித்ததும் அதே மாநாட்டில்தான். இவர்களை முந்திக்கொண்டு அந்தச் செய்தி எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் பத்திரிகைகளும் பாதிரிமார்களும் விடுவார்களா? மதராஸில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. பாலன்டைன் உடம்பு கெட்டு 1854-இல் கப்பலேறினார்.

இன்றைக்கு இது வேறு மாதிரி. 2012 அக்டோபரில் ஆண்கள் போவதற்கான குறைந்தபட்ச வயசை 19-இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-இலிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். அந்த ஆண்டு முடிவில் சுமார் 59,000 பேராக இருந்த மிஷனரிகள் அடுத்த ஆண்டு முடிவில் 83,000-ஐ எட்டினார்கள். 2025 நவம்பரில் பெண்களுக்கும் வயசை 18 ஆக்கிவிட்டார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஆண்கள் போவதைக் கடமை என்கிறார்கள். பெண்கள் விரும்பினால் போகலாம்.

தயாரிப்பு சின்ன வயசிலேயே ஆரம்பம். மிஷன் என்கிற இந்த ஊழியப் பயணத்துக்கான பணம் உண்டியலில் சேரும். உயர்நிலைப் பள்ளி நாலு வருஷமும் வேதபாட வகுப்பு உண்டு. யூட்டாவுக்கு வெளியே பல ஊர்களில் அதைப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், விடியற்காலையில் வைத்துவிடுவார்கள். விண்ணப்பம் போடும்போது ஊர்ச் சபையின் தலைவரான பிஷப் தனியாக உட்காரவைத்து ஒழுக்கம் பற்றிக் கேள்வி கேட்பார். அவருக்கு மேலே உள்ளவரும் கேட்பார். டாக்டர் சான்று வேண்டும், பல் டாக்டர் சான்றும் வேண்டும். கடைவாய் ஞானப்பல் தொந்தரவு கொடுக்கும் போலிருந்தால் போவதற்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள். போகிற இடத்தில் பல்வலி வந்தால் யார் பார்ப்பது?

எந்த நாடு என்று கேட்கிற உரிமை விண்ணப்பிப்பவருக்குக் கிடையாது. அப்போஸ்தலர்கள் என்று அழைக்கப்படும் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவர் முடிவு செய்வார். முன்பு பெரிய வெள்ளை உறை தபாலில் வரும். 2018-க்குப் பிறகு மின்னஞ்சல். அதைத் தனியாகத் திறந்து பார்க்கிற பிள்ளை அபூர்வம். பாட்டி தாத்தா, அத்தை மாமா, பள்ளித் தோழர்கள் எல்லாரும் கூடத்தில் கூடுவார்கள். சுவரில் உலகப் படம்; ஆளாளுக்கு ஓர் ஊரைச் சொல்லிக் குண்டூசி குத்துவார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் வீடியோவில். பையன் சத்தம்போட்டு வாசிப்பான். ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் கூச்சல் கிளம்பும். நம்ம வீடுகளில் பிளஸ் டூ ரிசல்ட் பார்ப்பது ஞாபகம் வருகிறது, இல்லையா? பிரேசிலோ பக்கத்து மாநிலமோ, குடும்பம் கட்டுகிற பணம் ஒன்றுதான். அமெரிக்கக் குடும்பங்களுக்கு 2020 ஜூலையிலிருந்து அது மாதம் 500 டாலர்.

பிறகு பயிற்சி மையம். பெரியது யூட்டாவில் புரோவோ நகரத்தில் இருக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்பிப்பவர்கள் பெரும்பாலும் அந்த நாட்டில் மிஷன் முடித்து வந்த கல்லூரி மாணவர்கள். ஒரு வார்த்தை தெரியாமல் வந்தவன் சில நாளிலேயே அந்த மொழியில் தட்டுத்தடுமாறி ஜெபம் செய்கிறான். கடினமான மொழிக்கும் ஒன்பது வாரம்தான், அதற்குப் பிறகு களம். அங்கே அவனை எல்டர் என்று குடும்பப் பெயரோடு அழைப்பார்கள், பெண்ணென்றால் சிஸ்டர்.

கதவைத் தட்டுவதும் முகத்தில் அறைந்தாற்போல் அது சாத்தப்படுவதும்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. அது பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு: ஜோடி. அவர்கள் வழக்கில் கம்பேனியன். இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்கிற லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்துக்கு இந்த வழக்கம் போகிறது. யார் ஜோடி என்பதை அந்த வட்டாரத்து மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் தீர்மானிப்பார். காலை ஆறரைக்கு எழுவதிலிருந்து இரவு பத்தரைக்குப் படுப்பது வரை அவனும் நீயும். தூங்குவதும் ஒரே அறையில். கடைக்குப் போனாலும் இரண்டு பேர், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இரண்டு பேர். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவனுக்கும் அன்று வேலை கிடையாது. அமெரிக்காவின் இடாகோ மாநில உருளைக்கிழங்குப் பண்ணையிலிருந்து வந்தவனுக்கு டோங்கா தீவுக்காரன் துணையாக வாய்க்கலாம். ஒருவன் பாத்திரத்தை ஊறப்போட்டே வைப்பான், இன்னொருவன் சாப்பிட்ட கையோடு கழுவச் சொல்வான். கோபித்துக்கொண்டு வெளியே நடந்துவிட முடியாது, ஏனென்றால் அவனும் கூட வர வேண்டும்! இதற்காகவே வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து குறைகளை முகத்துக்கு நேரே பேசித் தீர்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு. ஜோடி மாறலாம், மாறாமலும் போகலாம்.

திங்கட்கிழமை பெரும்பாலும் சொந்த வேலைக்கான நாள்: துணி துவைப்பது, மளிகை வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது. 2019 பிப்ரவரி வரை வீட்டாரோடு போனில் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். இப்போது வாரந்தோறும் பேசலாம். நல்ல மாற்றம், தாமதமாக வந்தது.

இந்த ஜோடி ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற கணக்கைவிட, பிடிக்காதவனோடு ஒரே அறையில் காலம் தள்ளப் பழகுவது அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் உதவுகிறது. ஆனால் மதிப்போடு ஒரு குறையும் உண்டு. மனசு உடைந்தோ உடம்பு முடியாமலோ பாதியில் திரும்புகிறவன் பாடு கஷ்டம். வழியனுப்ப வந்த அதே ஊர், "ஏன் சீக்கிரம் வந்தாய்?" என்று கண்ணாலேயே கேட்கும். வெளியூர் போக இயலாதவர்கள் வீட்டிலிருந்தபடி தொண்டு செய்யும் சேவை மிஷன் இப்போது இருக்கிறது. திரும்பியவர்களில் சிலர் அதில் சேர்ந்து மீதியை முடிக்கிறார்கள். அதையும் குறைவாகப் பார்க்கிற பார்வை இன்னும் மாறவில்லை. சேர்ப்பதற்குக் காட்டுகிற கவனத்தில் பாதியையாவது திரும்பி வருகிறவனிடம் காட்டலாம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளுக்கு வருவோம். பலதார மணத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அதைக் கைவிடும் அறிவிப்பு 1890-இல் வந்துவிட்டது. வேறு கேள்வி கேளுங்கள்.