கார்னரை உருட்டினா ரவுண்டட் ஃபான்ட் ஆயிடுமா?

[திரையில்: போல்டான 'I', பக்கத்துல 'O']

வணக்கம் மக்களே! ஒரு போல்ட் ஃபான்ட்டை எடுத்து, எல்லா முனையையும் உருட்டிவிட்டா ரவுண்டட் ஃபான்ட் கிடைச்சிடும்னு நினைக்கிறீங்களா? கிடைக்காது. ஏன்னு காட்டுறேன்.

வரலாறு வேகமா: 1979-ல ஃபோக்ஸ்வேகனுக்காக வந்த வேக் ரவுண்டட்ங்கிற ஃபான்ட், பின்னாடி பல வருஷம் ஆப்பிள் கீபோர்டு பட்டன்கள்ல இருந்துச்சு. அவ்வளவு போதும்.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். பலகையில எழுத்தைச் செதுக்குற மெஷினைப் பாருங்க. [திரையில்: சுழலும் கட்டர்] கட்டர் சுழலுது, அதனால கோடு எங்க நின்னாலும் முனை அரைவட்டமாத்தான் முடியும். யாரும் உருட்ட வேண்டியதே இல்ல! அந்த அரைவட்டத்தோட ஆரம் கோட்டு அகலத்துல சரிபாதி. கோடு 160 யூனிட்னா (ஃபான்ட் வரையுற கட்டத்தோட அளவு) ஆரம் 80.

அதையே ஃபான்ட்ல அப்படியே வச்சா கண்ணு ஏமாந்துடும். தட்டையான முனை, எழுத்துகள் நிக்குற அடிக்கோட்டுல தன் முழு அகலத்தோட உட்காரும். உருண்ட முனையோ ஒரே ஒரு புள்ளியில தொடும். அளந்தா உயரம் மாறியிருக்காது, பார்த்தா குட்டையா இருக்கும். அதனால 1000 யூனிட் கட்டத்துல, வழக்கமா நீட்டுற 'O'வை மட்டுமில்லாம 'I'யையும் மேலயும் கீழயும் சுமார் 10 யூனிட் நீட்டிப் பார்க்கணும். சுத்தமான அரைவட்டம் தடிமனான எழுத்துல ஊதின மாதிரி தெரியும், அதனால நுனியைக் கொஞ்சம் தட்டையாக்கினா அழகு. 'n'ல வளைவு தண்டோட சேருற இடத்துல கோட்டை மெலிசாக்கணும், இல்லன்னா அங்க கருப்பு திட்டு கட்டும்.

[திரையில்: மணம், மனம்]

தமிழ்ல சிக்கல் இன்னும் பெருசு. தடிமன் ஏற ஏற சுழிக்குள்ள இருக்குற வெள்ளை இடம் அடைஞ்சுபோகும். சின்ன அளவுல மூணு சுழி 'ண' எது, ரெண்டு சுழி 'ன' எதுன்னே தெரியாது. இலவசமா கிடைக்குற பலூ தம்பி 2 ஃபான்ட்ல 400 முதல் 800 வரை அஞ்சு தடிமன் இருக்கு. பெரிய தலைப்புக்கு 800 வைங்க, சின்ன பட்டனுக்கு 600-க்கு இறங்குங்க. ரெண்டு வரி வந்தா இடைவெளியைத் தாராளமா விடுங்க. மேல் வரியோட 'கூ', 'மு' வால், கீழ் வரி 'கி' கொக்கியில போய் இடிக்கும்.

எங்க பயன்படுத்தலாம்? தம்ப்நெயில், லோகோ, குழந்தைகள் புத்தக அட்டை. பத்தி பத்தியா எழுத வேண்டாம், கண்ணு வலிக்கும்.

தம்ப்நெயில் போடுற எல்லாரும் இதைக் கேளுங்க, ப்ளீஸ்! அவுட்லைன் கொடுக்கும்போது ஸ்ட்ரோக்கை, அதாவது அந்த அவுட்லைன் கோட்டை, எழுத்தோட நிறத்துக்குப் பின்னாடி தள்ளுங்க. முன்னாடி இருந்தா 20 பிக்சல் ஸ்ட்ரோக்ல 10 பிக்சல் எழுத்துக்கு உள்ளேயே விழுந்து, உருண்ட முனையோட வடிவத்தையே தின்னுடும். மூலையில கோடு எப்படித் திரும்பணும்னு சொல்ற ஜாயின் செட்டிங்கை ரவுண்டுக்கு மாத்துங்க, அப்பதான் 'ட' மாதிரி எழுத்தோட மூலைகள்லயும் அவுட்லைன் கூர்மையா நீட்டிக்கிட்டு நிக்காது.