பெரியப்பாவுக்கு பல்ஸ் 84, நான் ஏமாந்த கதை

வணக்கம் மக்களே. பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்று கமென்ட் போடாதீர்கள், கோத்தகிரியில் மூன்று நாளாக இதே மூட்டம்தான். இன்றைக்கு வறுக்கி வீடியோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெரியப்பாவை உங்களுக்குத் தெரியும், 71 வயது, ஆள் வைக்காமல் தானே கவாத்து வெட்டுவார். கத்தி வழுக்கிக் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. துண்டு முழுக்க நனைந்தது. நான் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிமீட்டரை அவர் விரலில் மாட்டினேன். பல்ஸ் 84. "நார்மல்தான் பெரியப்பா" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்.

அந்த ஆக்ஸிமீட்டர்! 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன், பெட்டியைப் பிரித்தால் பேட்டரி இல்லை. இரண்டு பென்சில் பேட்டரி வைக்க என்ன கேடு? டிவி ரிமோட்டில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டுத்தான் ஓடுகிறது. அதைவிடக் கொடுமை, விரல் சில்லிட்டிருந்தால் அது காட்டும் எண்ணையே நம்ப முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. பெரியப்பா விரல் ஐஸ் மாதிரி இருந்தது. வேர்த்துக் கொட்டியது, தண்ணீர் தண்ணீர் என்றார். அதையெல்லாம் விட்டுவிட்டு நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையால் பிடித்துப் பார்த்தார், பல்ஸ் 86தான், ஆனால் பிரஷர் இறங்கியிருந்தது. "வயசானவங்களுக்கு பல்ஸை நம்பாதீங்க" என்றார். அப்புறம் இரண்டு ராத்திரி படித்தேன். ரத்தம் குறைந்தால் உடம்பு அட்ரினலினைக் கொட்டும். அது இதயத் தசைச் செல்லின் மேலிருக்கும் பீட்டா ஏற்பியில், அதாவது சேதியை வாங்கும் புரதத்தில், ஒட்டும், உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்று சேதி கடத்தும் ஒரு மூலக்கூறு உருவாகும், கால்சியம் பாயும், இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். வாலிபருக்கு ரத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போனால் பல்ஸ் 100-ஐத் தாண்டுவது வழக்கம். வயதான இதயத்திலோ இந்தச் சங்கிலியே மந்தமாகிவிடுகிறது. கூப்பாடு குறையவில்லை, அட்ரினலினின் தம்பி மாதிரியான நார்அட்ரினலின் ரத்தத்தில் கூடுதலாகவே இருக்கும், இதயத்துக்குத்தான் காது மந்தம். 220-இல் வயதைக் கழித்தால் அதிகபட்ச பல்ஸ் என்கிற கணக்கு தெரியும்தானே, ஓடுகிறவர்கள் சொல்வார்களே, அதுவும் ஓரளவுக்கு இந்தக் கதைதான்.

இன்னொன்று, எனக்கு இதுதான் ஆச்சரியமாக இருந்தது. ரத்த ஓட்டம் குறைந்தால் செல்லுக்கு எரிபொருள் தட்டுப்பாடு. அதை மோப்பம் பிடிக்க ஏஎம்பிகே என்று ஒரு நொதி, அடிபட்ட புரதங்களைத் தாங்கிப் பிடிக்க எச்எஸ்பி 70 என்று ஒரு புரதம். வயதாக ஆக அந்த எச்எஸ்பி 70 அவசரத்துக்குப் போதிய அளவு உருவாவதில்லை, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பழசாகிவிடுகிறது. அதனால் வாலிபர் தாங்கிக்கொள்கிற அதே ரத்த இழப்பில் முதியவரின் இதயம் சீக்கிரமே தளர்ந்துவிடும்.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! பெரியப்பா மாத்திரை எதுவும் போடுவதில்லை என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேனா, பெரியம்மா வந்து பையைத் திறந்தால் மெட்டோப்ரோலால், பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரை. அது அடைப்பதே அந்த பீட்டா ஏற்பியைத்தான். வயதும் மாத்திரையும் சேர்ந்து பல்ஸை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

போன வருஷம் நான் பைக்கில் விழுந்தேனே, முழங்கை மட்டும் சிராய்த்து பல்ஸ் 118, வீடியோவில் ஆட்டம் போட்டேன். அதில் பாதிக்கு மேல் பயம்தான், சரி.

இப்போது தேறிவிட்டார். ஒன்பது தையல். இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் கத்தியைத் தீட்டித் தா என்கிறார். ஒளித்து வைத்திருக்கிறேன். எங்கே என்று கமென்டில் கேட்காதீர்கள், அவரும் இந்தச் சேனல் பார்க்கிறார்.