முகாமில் பெரியவர்களுக்கு என்ன வேலை?

(சாரணர் முகாமுக்குத் துணையாக வரும் பெற்றோருக்கும் தன்னார்வலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முகாமுக்குத் துணையாக வருகிறோம் என்று பெயர் கொடுத்திருக்கிறீர்கள். கூடாரம் அடிக்கணும், சமைக்கணும், மூட்டை தூக்கணும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பீர்கள். அந்த மூன்றும் உங்கள் வேலை இல்லை. பிள்ளைகளின் வேலை.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் சுமார் இருபது பையன்கள் இருந்தார்கள். அவர்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் இன்றும் அந்த முறையில்தான் ஓடுகிறது. ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட அணியை அதன் தலைவன் நடத்துகிறான். அப்பா வந்து முளையைப் பிடுங்கி, "இங்கே கொடுடா, நான் அடிக்கிறேன்" என்றால் அந்த நிமிடமே அவன் தலைமை போய்விடுகிறது. கூடாரம் சாயட்டும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது, இரவுக் காற்றில் ஒரு முளை பிடுங்கிக்கொண்டு போன பிறகு தானாகவே புரியும்.

பெரியவரின் முதல் வேலை எண்ணுவது. சாதாரணமாகத் தோன்றும், அதிகம் கோட்டை விடுவது இதில்தான். இரண்டு பெரியவர்கள் இருந்தால் "அவர் எண்ணியிருப்பார்" என்று இவரும், "இவர் எண்ணியிருப்பார்" என்று அவரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால் கிளம்பும்போதே எண்ணுகிறவர் யார் என்று ஒருவரைச் சொல்லிவிடுங்கள். தலையை எண்ணாதீர்கள், ஓடுகிற பிள்ளை இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முகாம் முடியும்வரை மாறாத ஓர் எண் கொடுத்து, அவர்களே வரிசையாகச் சொல்லட்டும். ஏழு வரவில்லை என்றால் யார் வரவில்லை என்பதும் உடனே தெரியும். பாதை பிரியும் இடம், சாலையைக் கடந்த பின், பேருந்தில் ஏறிய பின், உட்கார்ந்து எழுந்த பின் எண்ணியே ஆகவேண்டும்.

நடைப்பயணத்தில் முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. மெதுவாக நடக்கிற பிள்ளையை முன்னவருக்கு அடுத்தபடி விடுங்கள். வால்பகுதியில் விட்டால், அவன் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்துக் கிளம்பத் தயாராக இருப்பார்கள். அவனுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. மணிக்கு 3 கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அரைமணி கூடுதல் என்று கணக்குப் போடுங்கள். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முகாமிடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாம்பு, யானை பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்பார்கள். எனக்கு அதைவிடப் பயம் ஆற்றைப் பார்த்தால்தான். மணல் அள்ளிய ஆற்றில் குழி மேலிருந்து தெரியாது. இடுப்பளவில் நிற்கிற பையன் அடுத்த அடி வைத்தால் தலை மூழ்கும். குழியின் ஓரத்து மணல் சரிந்துகொண்டே இருப்பதால் கால் ஊன்றி ஏறவும் முடியாது. மூழ்குகிறவன் சினிமாவில் போலக் கத்த மாட்டான். மூச்சு விடவே வாய் போதாது, கத்த எப்படி முடியும்? சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எனவே பெரியவர் ஒருவர் இறங்கிக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்க்காத இடத்தில் பிள்ளைகள் இறங்கக் கூடாது. நடந்து பார்த்த பகுதிக்குக் கயிற்றால் எல்லை கட்டுங்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் ஜோடி கையைக் கோத்துத் தூக்க வேண்டும், ஜோடியாக எண்ண வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறினாலோ சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ மேலே எங்கோ மழை. கேள்வியே வேண்டாம், எல்லோரும் கரைக்கு.

யாராவது மூழ்கினால் எறிய, கரையில் ஒரு 5 லிட்டர் காலி எண்ணெய் கேன் தயாராக இருக்கட்டும். அதில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கி, கைப்பிடியில் 15 மீட்டர் கயிற்றைப் போலைன் முடிச்சு (இழுத்தாலும் வளையம் இறுகாத முடிச்சு) போட்டுக் கட்டுங்கள். வெறும் கேனைக் காற்று அடித்துக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் எறிய எடை தருகிறது. கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டில் கட்டாதீர்கள். மூழ்குகிறவனின் தோளைத் தாண்டி எறிந்து, அவன் கைக்கு வரும்படி இழுங்கள். நீந்தத் தெரியும் என்று குதிப்பவரைத்தான் அவன் முதலில் கட்டிப்பிடிப்பான்.

சமையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டுப் பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ அரிசி. உப்புமா கட்டி தட்டினால் ரவையை ஒரே கொட்டாகக் கொட்டியிருப்பார்கள். தின்னட்டும், மறுநாள் தட்டாது. நீங்கள் பார்க்க வேண்டியது அடுப்பைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் சமைக்கிறவர்கள் தவிர வேறு யாரும் வராமல் இருப்பதைத்தான். சுட்டுவிட்டால் பற்பசை, மை, மாவு எதுவும் பூசாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து இருபது.

காட்டுக்குப் போவதானால் வனத்துறை அனுமதி கையில் இருக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். மனிதனால் அந்த வேகத்தில் ஏற முடியாது. கோடையில் பாதை மூடியிருக்கிறது என்று வனக்காவலர் சொன்னால், "தெரிந்த ஆள் இருக்கிறார்" என்று பேசிப் பார்க்காதீர்கள்.

பாம்பில் கட்டுவிரியனை மட்டும் சொல்கிறேன். இரவில், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடிகாலையில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் நின்றால், நேற்றைய சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தும் இரவு டாக்டரும் இருக்கிறார்கள் என்பது முகாமுக்கு முந்தின வாரமே விசாரித்து எழுதி வைத்திருக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று; சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்கக் கூடாது. பேச வேண்டுமானால் மற்றவர் பார்வையில் படும்படி பேசுங்கள். பிள்ளைகளின் கூடாரத்தில் பெரியவர் படுக்கக் கூடாது. இது யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை, விதி எல்லோருக்கும் ஒன்று; எனக்கும்தான். பிள்ளை ஏதாவது தவறாக நடந்ததாகச் சொன்னால் நாம் உட்கார்ந்து விசாரணை நடத்தக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே தீரவேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் ஆம்புலன்ஸ் எண்ணான 108-ஐயும் பிள்ளைகளுக்கே மனப்பாடமாக்கிவிடுங்கள்.

கடைசியாக, முகாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு ஒன்று. புதரில் உட்கார்ந்து எழுந்த பிள்ளைக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் யாருக்கும் முகாம் நினைவுக்கு வராது. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை இறுக்கும் இடம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது என்பதால் பிள்ளையாகச் சொல்லாது. பொருக்கு இல்லாவிட்டாலும், மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் "பையன் முகாமுக்குப் போய் வந்தான்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சரியான மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.