லாரி ஆபீஸ் வாசலில் ஒரு கட்டைப்பை

நேயர்களுக்கு வணக்கம்.

போன தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும். மதுரையில் ஒரு பார்சல் லாரி ஆபீஸ் வாசலில், எங்கள் தெரு அக்கா ஒருவர் கட்டைப்பையோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்த செல்போனில், வாட்ஸ்அப்பில் வந்த லாரி ரசீதின் படம். உள்ளே இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க பில்லே இல்லம்மா" என்றார்.

இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அக்கா பட்டாசுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். சிவகாசிக் கடை என்று பெயர், 85 சதவீதத் தள்ளுபடி. முதலில் 4,800 ரூபாய் அனுப்பினார். சாயங்காலமே ஒரு போன்: "வண்டி ஏத்தியாச்சு, வாடகை 900 போடுங்க." மறுநாள் இன்னொன்று: "இன்சூரன்ஸ் 1,500 கட்டுங்க, சரக்கு இறங்கினதும் திருப்பித் தந்துடுவோம்." கட்டாவிட்டால் முன்னால் போட்ட பணம் போய்விடுமே என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் அனுப்பியிருக்கிறார். அந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பே நடக்கிறது.

85 சதவீதம் என்றதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். துணிமணி, செல்போன் என்றால் அந்தக் கேள்வி சரி. பட்டாசில் அது உதவாது. சிவகாசியில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களே பட்டியலில் விலையை ஏற்றிப் போட்டு, 80 சதவீதம் குறைத்துத்தான் விற்கிறார்கள். நிஜப் பட்டியலும் போலிப் பட்டியலும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

போலியைக் கண்டுபிடிக்க வேறு இடத்தில் பார்க்க வேண்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதனால்தான் பல கடைகளின் இணையதளத்தில் "விசாரணை அனுப்புக" என்று மட்டும் இருக்கும். பிறகு அவர்களே போனில் கூப்பிட்டுப் பேசுவார்கள். "இப்போதே பணம் கட்டுங்கள், வீட்டுக்கே கூரியரில் வரும்" என்று ஒரு தளம் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெடிபொருளைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்ப அனுமதியே கிடையாது.

இன்னொன்று. நான் வங்கியில் வேலை பார்த்தவன், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. யுபிஐயில் ரகசிய எண்ணைப் போடும் முன், பணம் யாருக்குப் போகிறது என்று திரையில் பெயர் வரும். அக்காவுக்கும் வந்தது. கடையின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். "கணக்குப்பிள்ளை பேரா இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார். அந்தப் பெயர் ஒத்துவராவிட்டால் அனுப்பாதீர்கள். பணம் திரும்ப வருவதற்கு ரகசிய எண் போடச் சொன்னாலும் போடாதீர்கள்; பணம் உள்ளே வருவதற்கு அந்த எண் தேவையே இல்லை.

அக்கா இதை இரண்டு நாள் வீட்டில் சொல்லவே இல்லை. "படிச்ச பொம்பளை ஏமாந்துட்டாளேன்னு கேப்பாங்க" என்ற கூச்சம். எனக்கு ஆற்றாமையாக இருந்தது அதுதான். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பணம் போன கணக்கில் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் முடக்கிவிடலாம். மணிக்கணக்கில் தாமதித்தால் அது நாலு கணக்குக்கு மாறிப் போயிருக்கும். கூப்பிடும்போது பணம் அனுப்பியதற்கான 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தாலும் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று பிறகு ஒருவர் பேசுவார். பெரும்பாலும் அதே கும்பல்தான்.

கடைசியாக அனுப்பிய 1,500 ரூபாய் மட்டும் அக்கா புகார் கொடுத்தபோது எடுக்கப்படாமல் இருந்தது. அது முடக்கப்பட்டது. மற்றது போய்விட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி தெருமுனைக் கடையில் பேரனுக்கு இரண்டு பெட்டி கம்பி மத்தாப்பு வாங்கிக்கொண்டு போனார்.

வணக்கம்.