நுனிக்குப் போகும் எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பாய்லர் வேலைக்கு ஓடும் பட்டறை ஆகட்டும், மன்னார்குடியில் அறுவடை எந்திரத்தின் ஷாஃப்டைக் கடைந்து தரும் ஒற்றை லேத் கடை ஆகட்டும், சுழலும் இரும்பின் மேல் பால் நிறத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கூலன்ட், கடையும்போது எழும் சூட்டைத் தணிக்கும் கலவை. நூற்றுக்கு 5 பங்கு போல எண்ணெய், மீதி தண்ணீர். லேத்தில் இரும்பைக் கடையும் டர்னர் வேலை கற்றுக் கொடுக்கும் எனக்கு, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பதுதான் நெடுநாள் கவலை. பட்டறைக்குப் பின்னால் வடிகால், அதை அடுத்து வாய்க்கால், அப்புறம் வயல். நம் ஊரில் வேறு எங்கே போகும்?

கூலன்ட் ஊற்றுவது காரணமில்லாமல் வந்த பழக்கம் இல்லை. வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் 30 முதல் 40 சதவீதம் வேகமாகக் கடையலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1880களிலேயே செய்து காட்டினார். கடினமான உலோகம் என்றால் தேவை இன்னும் கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சாதா இரும்பு கடத்தும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடத்தும். டைட்டானியக் கலவை ஏழில் ஒரு பங்கு. சூடு வெளியேற வழியில்லாமல் டூலின், அதாவது வெட்டும் கருவியின், நுனியிலேயே நிற்கும், நுனி மழுங்கிப்போகும்.

நுனி என்கிறேன், கவனியுங்கள். சூடு பிறக்கும் இடம் ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. அதற்கு நிமிடத்துக்கு எத்தனையோ லிட்டர் ஊற்றுகிறோம்.

ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறந்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். மெஷின் நின்றதும் தொட்டியின் மேல் கசடு எண்ணெய் படர்ந்து காற்றை அடைத்துவிடும். அடியில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் பெருகி, அழுகிய முட்டை வாடை வரும். கிருமியைக் கொல்ல மருந்து கலந்தால், கூலன்டில் கை வைத்து வேலை செய்யும் பையனுக்கு விரலிடுக்கில் அரிப்பு, வெடிப்பு.

சரி, மாற்று என்ன? நான் வேலை பழகிய இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துளைக்குள் டேப் என்ற கருவியைத் திருகி மரை வெட்டும்போது, சின்ன டப்பாவில் விளக்கெண்ணெயும் ஒரு பிரஷ்ஷும் எடுத்து வருவார். டேப் கிரீச்சிடும்போது ஒரு தடவல். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சத்தம் அடங்கிவிடும், வெட்டுப்பட்ட உலோகச் சுருள் அறுந்து விழும். டேப் உள்ளேயே முறிந்தால் அந்தப் பொருளே வீண் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் கையில் முறிந்து நான் பார்த்ததில்லை.

விளக்கெண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம். அது உலோகத்தைப் பற்றிக்கொள்ளும், அழுத்தினாலும் எளிதில் விலகாது. ஆனால் கெட்டி, அதனால் லேசான எண்ணெயோடு கலக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் எளிதில் பிசினாகாது என்றாலும், மார்கழிக் காலையில் குழாயிலேயே உறைந்து நிற்கும்!

இன்றைக்கு அந்த பிரஷ் வேலையைக் காற்று செய்கிறது. கம்ப்ரசர் காற்றோடு தாவர எண்ணெயைத் துளித்துளியாகக் கலந்து, மெல்லிய குழாய் வழியே நேராக நுனிக்கு அனுப்புகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லி அளவே போதும். மீண்டும் சொல்கிறேன், நிமிடத்துக்கு இல்லை, மணிக்கு. தொட்டி இல்லை, திங்கட்கிழமை நாற்றம் இல்லை. சுருள் ஏறக்குறைய உலர்ந்தே விழுவதால் பழைய இரும்புக் கடைக்கும் சுத்தமாகப் போகும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு நம் பட்டறைகள் தயங்காமல் இதற்கு மாறலாம் என்பது என் உறுதியான எண்ணம். எண்ணெய்ப் புகையை வெளியேற்ற விசிறி கட்டாயம் வேண்டும். ஆழமான துளை, கிரைண்டிங் போன்றவற்றுக்கு இது மட்டும் போதாது.

நேரம் ஆகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நுனியைக் குளிர்விக்க இன்னொரு வழியான திரவ நைட்ரஜனைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைனஸ் 196 டிகிரி குளிர். டைட்டானியம், நிக்கல் கலவை கடைபவர்களுக்கு ஏற்றது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆவியாகி அதோடு கலந்துவிடும். வடிகாலுக்குப் போக எதுவும் மிஞ்சாது. ஆனால் அடைத்த அறையில் பயன்படுத்தினால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்து, ஜன்னல் திறந்திருக்கட்டும். செலவும் அதிகம், அதனால் சிறு பட்டறைகள் முதலில் எண்ணெய்த் துளி முறையைச் செய்து பாருங்கள். நன்றி, வணக்கம்.