மீன் தொட்டி ஸ்டாண்டு தண்ணீரில் ஊறி உப்பிவிட்டால் என்ன செய்வது?

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "என்னிடம் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் தொட்டி இருக்கிறது. அதைத் தாங்கும் ஸ்டாண்டு பார்ட்டிகிள் போர்டில் செய்தது. உள்ளே எப்போது தண்ணீர் இறங்கியது என்று தெரியவில்லை. அடிப்பலகையும் இடப்பக்கப் பலகையின் கீழ்முனையும் உப்பியிருக்கின்றன. நன்றாகக் காயவைத்து வார்னிஷ் அடித்தால் போதுமா, தொட்டியை இறக்கியே ஆக வேண்டுமா?"

இறக்கியே ஆக வேண்டும். அடிப்பலகை மட்டும் உப்பியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். பல ஸ்டாண்டுகளில் அடிப்பலகை இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே செருகப்பட்டிருக்கும். ஃபில்டரையும் தீவன டப்பாவையும் தவிர வேறு எதையும் அது சுமப்பதில்லை. பக்கப் பலகைகளே அடிப்பலகையின் மேல் நிற்கும்படி செய்த ஸ்டாண்டாக இருந்தால், அடிப்பலகையும் பாரம் தாங்குகிறது என்று பொருள். உங்கள் ஸ்டாண்டு எந்த வகையாக இருந்தாலும், பக்கப் பலகையின் கீழ்முனை கெட்டிருக்கிறது என்கிறீர்கள். தொட்டியின் எடை தரைக்கு இறங்குவது இரு பக்கப் பலகைகளின் கீழ்முனைகள் வழியாகத்தான். 90 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 45 உயரமும் உள்ள ஒரு தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ 160 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 160 கிலோ, கண்ணாடியும் சரளைக் கற்களும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும்.

காயவைத்தால் சரியாகிவிடாதா என்ற எண்ணம் இயல்பானதுதான். முழு மரம் ஊறினால் பருத்து, காய்ந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். கொஞ்சம் வளையலாம், அவ்வளவுதான். பார்ட்டிகிள் போர்டு என்பது மரச் சீவல்களைப் பசையோடு கலந்து அழுத்தி இறுக்கிய பலகை. தண்ணீர் புகுந்தவுடன், அழுத்தி வைத்திருந்த சீவல்கள் விரிந்து பசைப் பிடிப்பை அறுத்துக்கொள்கின்றன. காய்ந்தபின் ஈரம் போகும். அறுந்த பிடிப்பு திரும்பி வராது. உப்பிய முனையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் உள்ளே இறங்கி, தவிட்டைப் போலத் துகள் உதிர்ந்தால் அந்தப் பலகைக்கு வலு இல்லை என்று முடிவு செய்துவிடலாம். அதன்மேல் வார்னிஷ் அடிப்பது சேதத்தை மறைக்குமே தவிரத் தாங்காது.

எதைத் தொடுவதற்கும் முன் மின்சாரத்தைக் கவனியுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்டாண்டுக்குள் ஈரமான பலகையின் மேலேயே கிடந்தால், அதில் கை வைக்காமல் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகு பிளக்குகளைக் கழற்றுங்கள்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் புது ஸ்டாண்டு வாங்கினால் அதுவும் ஊறப்போகிறது. தொட்டியின் வெளிப்புறத்தையும் குழாய்களையும் துடைத்துவிட்டு, கண்ணாடி சேரும் மூலைகள், குழாய் இணைப்புகள், ஃபில்டரின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் டிஷ்யூ பேப்பரைத் தனித்தனியாக வைத்து, சில மணி நேரம் கழித்து எது நனைந்திருக்கிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில், தொட்டியே ஒழுகியதைவிடக் கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாய்களால் இணைக்கும் மூடிய டப்பா வகை ஃபில்டர், கசிந்ததே அதிகம். ஒருமுறை என் ஃபில்டரைக் கழுவி மூடியபோது ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தது. அது ஒரு வாரம் சொட்டுச் சொட்டாக வடிந்து ஒரு கதவையே கெடுத்துவிட்டது. மின்கம்பியையும் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து வரும் கம்பி நேராகக் கீழே இறங்கினால், அதன்மேல் ஊர்ந்து வரும் துளி பிளக்கிலேயே போய்ச் சேரும். கம்பியைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், துளி அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இறக்கும் நாள் வரும்வரை ஒரு சோதனை செய்துகொள்ளலாம். தொட்டிக்கும் ஸ்டாண்டின் மேல்பலகைக்கும் இடையே நான்கு மூலைகளிலும் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் தாள் தாராளமாக உள்ளே போனால், ஸ்டாண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி மற்ற மூலைகளில் மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருப்பதைவிட இந்த முறுக்கல் ஆபத்தானது. சிலிக்கான் மூட்டுகள் பிரிவதற்கும் கண்ணாடியில் விரிசல் விழுவதற்கும் இது காரணமாகும். அப்படித் தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல், தண்ணீரைப் பாதிக்கு மேல் அன்றைக்கே இறைத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் அட்டையோ ஆப்போ செருகுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணாடியின் பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவியும். ஆப்பு வைப்பதானால் அதன் இடம் ஸ்டாண்டின் காலுக்கும் தரைக்கும் நடுவில்.

இறக்கும்போது தண்ணீரோடு தொட்டியைத் தூக்கக் கூடாது. சிறிது தண்ணீர் இருந்தாலும் அது அலைமோதி அடிக்கண்ணாடியை வதைக்கும். மீன்களைத் தொட்டித் தண்ணீரிலேயே மூடியிட்ட வாளிக்கு மாற்றி, காற்றுக் குமிழி ஓடவிடுங்கள். ஃபில்டரின் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் அதே தண்ணீரில் மூழ்க வைத்திருங்கள். அவற்றைக் குழாய்த் தண்ணீரில் அலசினாலோ காயவிட்டாலோ, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் அழிந்து, தொட்டியைத் திரும்ப நிரப்பியபின் மீன்களுக்கு நஞ்சான அந்த அமோனியா ஏறிவிடும்.

பக்கப் பலகையை மட்டும் மாற்றித்தர முடியும் என்று தச்சர் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஊறிய பலகையில் திருகாணிகளும் பிடிப்பை இழந்திருக்கும் என்பதால், நானாக இருந்தால் தண்ணீரைத் தாங்கும் தரமான ப்ளைவுட்டில் முழு ஸ்டாண்டையும் புதிதாகச் செய்துகொள்வேன். மைக்கா ஒட்டிய பரப்பில் தண்ணீர் எளிதில் நுழையாது, அறுத்த ஓரங்களிலும் கம்பிக்காகத் துளைத்த ஓட்டைகளிலும்தான் நுழையும். ஆகவே அந்த இடங்களுக்கெல்லாம் பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு மூன்று முறை அடித்து, வாடை முழுவதும் போகும்வரை காயவிடுங்கள். ஃபில்டரை ஓரம் உயர்ந்த ஒரு பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். கசிந்தால் பலகையில் படாமல் தட்டில் நிற்கும், உங்கள் கண்ணிலும் படும். புது ஸ்டாண்டை ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரிபார்த்து, தொட்டியை ஏற்றிப் பாதி மட்டும் நிரப்பி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் அந்தத் தாள் சோதனையை நான்கு மூலைகளிலும் திரும்பச் செய்து, எங்கும் நுழையவில்லை என்றால் மீதித் தண்ணீரை ஊற்றலாம்.