தங்கத்தைக் குப்பையில் போட்டீர்களா? நானோ ரகசியம்!

கொரோனா சமயத்தில் வீட்டிலேயே டெஸ்ட் எடுத்திருப்பீர்கள். கிட்டில் சிவப்பாக ஒரு கோடு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலான கிட்டுகளில் அந்தக் கோடு தங்கம். நிஜத் தங்கம்! பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டோம்.

(திரையில்: கிட், மிக அருகில்)

உடனே தொட்டியைக் கிளறப் போகாதீர்கள். அடகுக் கடைத் தராசு அசையவே அசையாது.

சரி, தங்கம் எப்படிச் சிவப்பாகும்? முதலில் நானோமீட்டர். ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. மனதில் நிற்கவில்லையா? உங்கள் விரல் நகத்தைப் பாருங்கள். அது நொடிக்குச் சுமார் 1 நானோமீட்டர் வளர்கிறது. நான் ‘நானோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு நானோ! பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் அளவில் பொருளைக் கையாள்வதுதான் நானோ தொழில்நுட்பம். 1974இல் ஜப்பானின் நோரியோ தனிகுச்சி வைத்த பெயர். வரலாறு போதும், தங்கத்துக்கு வருவோம்.

கிட்டில் இருக்கும் தங்கத் துகள் பெரும்பாலும் 40 நானோமீட்டர் வாக்கில் இருக்கும். ஒளி பட்டதும் அதற்குள் திரியும் எலெக்ட்ரான்கள் மொத்தமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலம்பும், இடுப்புக் குடத்துத் தண்ணீர் மாதிரி. பச்சை ஒளியின் துடிப்பு இந்த அலம்பலோடு ஒத்துப்போவதால் பச்சையைத் துகள் விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிறம் நீலத்துக்குத் திரும்பும். ஒரு சொட்டுச் சாயம் கிடையாது!

ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1857லேயே இந்தச் சிவப்புத் தங்கத்தைச் செய்து, துகள் பொடியாக இருப்பதால்தான் இந்த நிறம் என்று சொல்லிவிட்டார். எலெக்ட்ரானே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அவருடைய சீசாக்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன. எனக்கு இதில்தான் பொறாமை.

அப்புறம் ஒரு கணக்கு. பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள தங்கக் கட்டி, இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு பக்கமும் சேர்த்து வெளிப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால்? மொத்தம் 6,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்! இரண்டரைப் பவுனுக்கு ஒன்றரை ஏக்கர் உங்கள் ஊரில் கிடைக்குமா, கமெண்டில் சொல்லுங்கள். எதனோடும் எளிதில் சேராத தங்கம் சில நானோமீட்டருக்கு இறங்கியதும் வினையூக்கியாக, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருளாக, வேலை செய்வதற்கு இந்தப் பரப்பும் ஒரு காரணம்.

நகத்தை மறுபடி பாருங்கள். வீடியோ தொடங்கி இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, 100 நானோமீட்டரைத் தாண்டிவிட்டீர்கள். சப்ஸ்கிரைப் பட்டனை அந்த நகத்தாலேயே அழுத்துங்கள்.